சூ தாண்டினால் சம்மதம்

படகுக்காரர் கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்னரே வசந்தமலர் தன் கைப்பையை ஓர் இருக்கையிலும், குடையை அடுத்ததிலும், கம்பளிச் சட்டையைக் கழற்றி மூன்றாவதிலும் போட்டு இடம் பிடித்துவிடுகிறார். படகில் பாதி இருக்கைகள் காலியாகக் கிடந்தாலும் இந்தச் சடங்கு நடந்தே தீரும். "அன்ரி, நீங்கள் இதில இருங்கோ. அங்கிள், நீங்கள் அவவுக்குப் பக்கத்தில. தம்பி அங்கால போகட்டும். பிள்ளை, நீ ஜன்னலடிக்கு வா." மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்திருக்கும் பிள்ளைக்கு ஜன்னல் ஓரம் கொடுப்பது அவள் வெளியே பார்ப்பதற்காக அல்ல. காலையில் கிழக்கே போகும் படகில் வலது பக்க ஜன்னலால்தான் வெயில் விழும். அந்த வெயில் கன்னத்தில் பட்டால் நிறம் ஒரு பிடி கூடித் தெரியும் என்பது வசந்தமலரின் கண்டுபிடிப்பு. லண்டன் வெயிலை நம்பி இப்படி ஒரு காரியம் செய்யலாமா என்று யாராவது கேட்டால் அவரிடம் பதில் தயாராக இருக்கிறது. "மழை பெய்தா அன்ரிக்குக் காய்ச்சல் எண்டு சொல்லி அடுத்த கிழமைக்கு மாத்திப்போடுவன்."

கடைசியாகத் தானும் உட்காருகிறார். பெண்ணுக்குப் பக்கத்தில், மாப்பிள்ளையின் தாய்க்கு நேர் எதிரே. அவருடைய முழங்கால்களும் எதிரே இருப்பவரின் முழங்கால்களும் ஏறக்குறைய முட்டிக்கொள்ளும். வசந்தமலர் காலை மடக்கினால் ஒழியப் பெண் எழுந்து வெளியே போக வழியில்லை. இதுவும் தற்செயலாக அமைந்த ஏற்பாடு அல்ல.

மூன்று வாய்க்கால்கள் வந்து சேருகிற ஒரு குளத்துக்கு லண்டன்காரர்கள் குட்டி வெனிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெனிஸ்காரர்கள் இதுவரை வழக்குப் போடவில்லை. அங்கிருந்து கம்டன் சந்தை வரைக்கும் ஒரு நீளமான ஒல்லிப் படகு நாளுக்குப் பல தடவை ஆட்களை ஏற்றிப் போகிறது. ஒரு காலத்தில் நிலக்கரி சுமந்த படகாம். இப்போது வேடிக்கை பார்க்க வந்தவர்களைச் சுமக்கிறது. வசந்தமலர் வந்த பிறகு சம்பந்தி ஆகக் கூடியவர்களையும் சுமக்கிறது. நிலக்கரியே பரவாயில்லை என்று அந்தப் படகு சில நாட்களில் நினைத்திருக்கும்.

"நான் புரோக்கர் இல்லை பாருங்கோ," என்பார். இதை யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். "ரெண்டு நல்ல சனத்தை ஒரு போட்டில ஏத்திவிடுறன். அவ்வளவுதான். மிச்சத்தைத் தண்ணி பாத்துக்கொள்ளும்." வடக்கு லண்டன் எட்மண்டனில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. பள்ளிக்கூடம் மூடும் கோடையில்தான் படகும் நிறைய ஓடுகிறது என்பதால் இரண்டு உத்தியோகங்களும் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதில்லை. கூலி வாங்குவதில்லை. கலியாணத்தில் முன்வரிசைக் கதிரையும், 'இவ இல்லாட்டி இது நடந்திராது' என்று நாலு பேர் காதில் விழும்படி ஒரு வசனமும் கிடைத்தால் போதும். அந்த வசனம் வராத கலியாணங்களில் அவர் சாப்பிடாமலே எழுந்து போனதாகச் சொல்கிறார்கள்.

பெண் பார்க்கும் காரியத்தை முன்பெல்லாம் ஆர்ச்வே முருகன் கோவிலில்தான் அவர் நடத்தினார். பூசை முடிந்து செருப்புத் தேடுகிற இடத்தில் இரண்டு குடும்பங்களும் தற்செயலாகச் சந்தித்துக்கொள்ளும். ஆனால் கோவிலில் எந்தத் தற்செயலும் அரை மணி நேரத்துக்கு மேல் உயிரோடு இருக்காது. பிரசாதம் கையில் வருவதற்குள் யார் யாரைப் பார்த்தார்கள் என்ற செய்தி கண் காது மூக்கு வைத்துச் சவுத்தால் வரைக்கும் போய்விடும். அதைவிடப் பெரிய சிக்கல், வேண்டாம் என்று சொல்வது. சாமி சந்நிதியில் வைத்து ஒரு பெண்ணை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வீட்டுக்குப் போய் போனை எடுக்காமல் விடுவார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் கிழமைக்கணக்கில் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். பிறகு உணவகங்களை முயன்று பார்த்தார். அங்கே மாப்பிள்ளை வீட்டார் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, அதன் பிறகு போனை எடுக்காமல் விட்டார்கள்.

படகு கிடைத்தது டொரண்டோவிலிருந்து வந்த மச்சாள் புண்ணியத்தில். லண்டனுக்கு வந்தால் ஏதாவது சுற்றிக் காட்டத்தானே வேண்டும். மச்சாள் பாலத்தையும் வாத்தையும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது வசந்தமலர் வேறு இரண்டு விஷயங்களைக் கவனித்தார். ஒன்று, படகில் ஒரு தமிழரும் இல்லை. இரண்டு, நடுவழியில் எழுந்து போக யாராலும் முடியாது. தமிழர் இல்லாத இடம் ஒன்று லண்டனில் அகப்பட்டால் நம்மவர்கள் என்ன செய்வார்களோ அதையே அவரும் செய்தார். அங்கே தமிழரைக் கொண்டுபோய் நிரப்பினார்.

நடுவழியில் இறங்க முடியாது என்பதில் ஒரேயொரு விலக்கு உண்டு. வாய்க்கால் லண்டன் மிருகக்காட்சிச்சாலையை ஊடறுத்துப் போகிறது. அதற்கென்று தனி டிக்கெட் வைத்திருப்பவர்களுக்காகப் படகு அங்கே ஒரு நிமிடம் நிற்கும். வசந்தமலரின் வாயில் அந்த இடத்துக்குப் பெயர் 'சூ'. முதன்முதலில் அங்கே இறங்கியவர்கள் பர்மிங்காமிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார். "பிள்ளைக்கு ஒட்டகச்சிவிங்கி பாக்க ஆசை," என்றாராம் தகப்பன். பிள்ளை ஒரு கணக்காளர். முன்நெற்றி ஏறிய ஆள். பெண் வீட்டார் கம்டன் வரைக்கும் தனியே போய் இறங்கினார்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, யாரும் போனைப் பார்த்துக்கொண்டு இருக்கவுமில்லை. வசந்தமலருக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது, இதைவிட மரியாதையான வழி இனிக் கிடைக்காது என்று.

அதிலிருந்து அதுவே சட்டம். மாப்பிள்ளை வீட்டார் சூவில் இறங்கினால் இல்லை. சூவைத் தாண்டி இருக்கையை விட்டு எழும்பாமல் இருந்தால் சம்மதம். தாண்டியதும் வசந்தமலர் மடியில் இருக்கிற தகரப் பெட்டியைத் திறப்பார். உள்ளே விடிய எழும்பிப் பொரித்த றோல்ஸ். மாப்பிள்ளையின் தாய் ஒன்றை எடுத்துக் கடித்தால் காரியம் முடிந்தது. நாள் பார்க்க வேண்டியதுதான் மிச்சம். எட்டு வருடமாக அந்தப் பெட்டி சூவுக்கு முன்னால் திறந்ததில்லை. ஒரு தடவை நீரிழிவுக்காரர் ஒருவருக்குத் தலை சுற்றியபோது கூட, "கொஞ்சம் பொறுங்கோ அண்ணை, கிட்டத்தான்," என்று பெட்டியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தவர் அவர்.

இந்தச் சட்டத்தை எங்கும் எழுதி வைக்கவில்லை, யாருக்கும் விளக்கிச் சொல்வதுமில்லை. ஆனால் எட்மண்டனில் இப்போது 'அவை சூவில இறங்கிட்டினம்' என்றால் என்ன என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். நோர்வேயிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குத்தான் தெரியவில்லை. அந்தத் தகப்பன் சிங்கம் பார்க்க வேண்டுமென்று உண்மையாகவே ஆசைப்பட்டு எல்லோரையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். மாலையில் சிங்கத்தின் படங்களோடு போன் எடுத்து, நிச்சயதார்த்தத்தை எப்போது வைக்கலாம் என்று கேட்டார். அதற்குள் பெண்ணின் தாய் ரோஷத்தில் பழைய சம்பந்தம் ஒன்றுக்குத் தலையாட்டி முடித்திருந்தாள். வசந்தமலர் அசையவில்லை. "சட்டம் எண்டா சட்டம்தான். சிங்கம் பாக்கிறவை வேற நாளில வந்திருக்க வேணும்."

சூவுக்கு முன்னால் இருக்கிறது சுரங்கம். குட்டி வெனிஸ் தாண்டியதும் படகு ஒரு மேட்டுக்கு அடியால் நுழைந்து இருட்டுக்குள் போகும். முகம் தெரியாது. சுற்றுலா வந்தவர்கள் 'ஊ' என்று சத்தம் போட்டுப் பார்ப்பார்கள். வசந்தமலர் அந்த நேரத்தில் மூச்சுக்கூட மெல்லமாகத்தான் விடுவார். "இருட்டுக்குள்ளதான் சனம் உண்மை கதைக்கும்," என்பது அவர் நம்பிக்கை. மாப்பிள்ளையின் தாய் புருஷனின் காதில் குசுகுசுத்தால் போதும், வளைந்த செங்கல் கூரை அதை அப்படியே எடுத்து எல்லோருக்கும் பரிமாறிவிடும். நிறம், பல், உயரம், தகப்பனின் குடி எல்லாம் அந்தக் கூரை சொல்லித்தான் அவருக்குத் தெரிய வந்தது. சுரங்கம் முடிந்து வெளிச்சம் வரும்போது பதிலையும் தயாராக வைத்திருப்பார்.

டிக்கெட் பார்க்கிற வெள்ளைக்காரர் இவரை வாய்க்கால் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இத்தனை வருடமாக இத்தனை தடவை ஒரே வழியில் போகிற பெண்மணி வேறு யாராக இருக்க முடியும்? ஒரு நாள் பக்கத்தில் குனிந்து, இந்த வாய்க்காலில் உங்களுக்கு மிகவும் பிடித்த இடம் எது என்று அன்போடு கேட்டார். "ஆல், ஆல். வெரி நைஸ் வாட்டர்," என்றார் வசந்தமலர், எதிரே இருந்த அன்ரியின் புருவத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

உண்மை என்னவென்றால் அவர் எதையும் பார்த்ததில்லை. இரண்டு கரையிலும் வெள்ளை வெளேரென்று தூண் வைத்த மாளிகைகள் இருக்கின்றன. வலைக் கூண்டுக்குள் குரங்குகள் தொங்குகின்றன. வளைவில் ஒரு சிவப்புச் சீன உணவகம் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது. இதெல்லாம் எதிரே இருப்பவரின் முகத்தில் என்னென்ன மாதிரி விழும் என்பது மட்டும்தான் வசந்தமலருக்குத் தெரியும். வாய் கொஞ்சம் திறந்தால் மாளிகை. மூக்குச் சுருங்கினால் குரங்கு. விருந்தாளிகள் அது என்ன, இது என்ன என்று கேட்டால், "அது பெரிய ஆக்களின்ர இடம்," என்ற ஒரே விளக்கத்தை எல்லாவற்றுக்கும் கொடுப்பார். குரங்குக் கூண்டுக்கும் ஒரு தடவை அதையே கொடுத்திருக்கிறார்.

இப்படியாக ஊருக்கெல்லாம் படகு விட்டவர் வீட்டில் ஒரு மகள் இருந்தாள். கம்சிகா, கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. வயது முப்பத்தைந்து. கோவில் படியில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது வசந்தமலரின் காதில் விழுந்திருந்தது. "ஊர்ப் பிள்ளையளை எல்லாம் அக்கரை சேக்கிறா. தன்ர பிள்ளை இன்னும் கரையில நிக்குது." அன்றைக்கு வீட்டுக்கு வந்து சமைக்காமல் படுத்துக்கொண்டார். புருஷன் குகதாசன் கதவடியில் வந்து என்ன என்று கேட்டதற்கு, கால் உளைவு என்றார். கால் உளையவில்லை. பயமாக இருந்தது. தான் போன பிறகு இந்தப் பிள்ளை யாருடைய வீட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் என்ற பயம். அதை மகளிடம் சொல்லத் தெரியாமல், சொல்லத் தெரிந்த ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: ஒரு தடவை படகுக்கு வா.

"அம்மா, நான் என்ன பார்சலோ? ஏத்திப் பாத்து இறக்கிறதுக்கு?" என்று வருடக்கணக்காக மறுத்தவள் இந்தக் கோடையில் திடீரென்று ஒத்துக்கொண்டாள். "ஓகே. ஒருக்கா. ஒரேயொருக்கா வாறன். ஆனா என்ர டிக்கெட்டை நான்தான் எடுப்பன்."

வசந்தமலருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உழைக்கிற பிள்ளை, மானஸ்தி என்று குகதாசனிடம் சொல்லிப் பூரித்தார். முன்பெல்லாம் டிக்கெட்டைக் கடதாசியில், கரையில் நின்றுதான் வாங்குவார்கள். எந்தத் தகப்பன் சூவுக்கும் சேர்த்து எடுக்கிறார் என்பதைக் கடைக்கண்ணால் பார்த்தே அன்றைய முடிவை முன்கூட்டித் தெரிந்துகொள்வார். இப்போது எல்லாம் போனுக்குள் போய்விட்டதில் அவருக்குப் பாதிப் பார்வை போன மாதிரி. மகளின் போனுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பெண் வீட்டார் சூவில் இறங்குவதாகச் சட்டத்தில் இடமே கிடையாதே.

அன்றைக்கு முருகன் வெயிலை வஞ்சகமில்லாமல் கொடுத்தான். மாப்பிள்ளை பக்கத்தில் செல்வரத்தினம் என்ற ஓய்வு பெற்ற தபால் அலுவலர், அவர் மனைவி, மகன் ரதீசன். மகன் ரயில் சிக்னல் வேலை பார்க்கிறவன், அதிகம் பேசாதவன். குகதாசன் வரவில்லை, தண்ணீரைக் கண்டால் அவருக்குத் தலை சுற்றும். இடம் பிடிக்கும்போது வசந்தமலரின் குடை இரண்டு தடவை கீழே விழுந்தது. எத்தனையோ பெண்களை இந்த இருக்கையில் வைத்து, "முகத்தைக் கொஞ்சம் இஞ்சால திருப்பு பிள்ளை," என்று சொன்னவர், தன் பிள்ளையைப் பார்த்து ஒன்றும் சொல்ல வராமல், அவள் தோளில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டார்.

சுரங்கம் வந்தது. இருட்டில் செல்வரத்தினத்தின் மனைவி குசுகுசுத்தார். செங்கல் கூரை தன் கடமையைச் செய்தது.

"பிள்ளை வடிவுதான். ஆனா முத்தலாத் தெரியுது."

இப்படி ஆயிரம் குசுகுசுப்புகளை வசந்தமலர் இந்த இருட்டில் கேட்டிருக்கிறார். அவற்றைத் தகவல்களாகத்தான் கேட்டிருக்கிறார். பக்கத்தில் இருப்பவளுக்கும் அதே காதுகள் இருக்கின்றன என்பது இன்றைக்குத்தான் உறைத்தது. கம்சிகாவின் முழங்கை அவருடைய முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது. அது அசையவில்லை. வசந்தமலருக்கு எழும்பி அந்த மனுசியின் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் வெளிச்சம் வந்ததும் எட்டு வருடப் பழக்கம் முந்திக்கொண்டது. யாரும் கேட்காமலே அவர் வாய் சிரித்துக்கொண்டு சொன்னது:

"போன சித்திரையோட பிள்ளைக்கு முப்பத்தொண்டு."

"அப்பிடியோ? எங்கட தம்பிக்கும் இப்ப முப்பத்திநாலுதான்," என்றார் எதிரே இருந்தவர், அதே சிரிப்போடு.

இவர் நான்கு வருடத்தைத் தண்ணீரில் போட்டார். அவரும் நான்கைப் போட்டார். சந்தைக் கணக்கில் இருவருக்கும் நட்டமில்லை. செல்வரத்தினம் மட்டும் மகன் பிறந்த வருடத்தை விரலில் எண்ணப் பார்த்து, மனைவியின் கண்ணைக் கண்டதும் விரலை மடக்கிக்கொண்டு, "நல்ல மாளிகையள், என்ன?" என்று கரையைக் காட்டினார்.

"அது பெரிய ஆக்களின்ர இடம்," என்றார் வசந்தமலர்.

அப்போதுதான் அதுவரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த ரதீசன் திரும்பினான். கம்சிகாவும் திரும்பினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவன் ஒரு கையை முழங்காலில் வைத்து விரல்களை விரித்தான், ஒன்றை மடக்கி நான்கைக் காட்டினான். அவளும் மடியில் நான்கைக் காட்டினாள். அவ்வளவுதான். பிறகு இருவரும் மறுபடி வெளியே பார்த்தார்கள்.

வசந்தமலர் அந்தப் பார்வையைப் பிடித்துவிட்டார், படிக்கத்தான் தெரியவில்லை. சிரிப்பா, சலிப்பா, ஏளனமா? மாமிமாரின் முகத்தில் ஒரு புருவ மயிர் அசைந்தால் அர்த்தம் சொல்லக்கூடியவர். கட்டிக்கொள்ளப் போகிறவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவை இத்தனை வருடத்தில் ஒரு தடவையும் வந்ததில்லை. மாப்பிள்ளைகளை ஓரத்தில் போட்டதும் பெண்களை வெயிலில் போட்டதும் அவர்தான். போட்ட பிறகு அந்தப் பக்கம் அவர் திரும்பியதேயில்லை.

வலைக் கூண்டு தெரிந்தது. எதிரே மூக்குகள் சுருங்கின. படகு மெதுவாகியது.

வசந்தமலர் செல்வரத்தினத்தின் கையைப் பார்த்தார். அது போனைத் தேடவில்லை, வயிற்றின் மேல் கட்டியபடி இருந்தது. அவர் மனைவி கைப்பையின் வாரைத் தோளில் மாட்டவில்லை. அதைவிட, அந்த அம்மாளின் கண் ஒரு தடவை தகரப் பெட்டியின் மேல் போய் வந்தது. முருகா, முருகா, முருகா. எட்டு வருடமாக மற்றவர்களுக்குப் பெற்றுக் கொடுத்த அந்த ஒரு நிமிடம் இப்போது தன் வீட்டுக்கு வந்திருக்கிறது. அவர் பெட்டி மூடியில் பெருவிரலை வைத்தார்.

"சூவுக்கு யாராவது?" என்று வெள்ளைக்காரர் வழக்கம்போலக் குரல் கொடுத்தார்.

கம்சிகா எழுந்து நின்றாள். கையில் போன். அதில் சதுரமாக ஒரு டிக்கெட்.

"இரு பிள்ளை. கம்டன் இன்னும் வரேல்லை."

"தெரியும், அம்மா."

"இது சூ."

"தெரியும். நேற்றே எடுத்திட்டன்."

எட்டு வருடமாகப் பெண் வீட்டார் யாரும் அந்த இடத்தில் எழுந்ததில்லை. உட்கார்ந்திருப்பதுதான் பெண்ணின் வேலை. எழுந்து போவது மற்றவர்களின் வேலை. வசந்தமலர் காலை மடக்கவில்லை. மகளின் முழங்கால்கள் தாயின் முழங்கால்களில் முட்டிக்கொண்டு நின்றன. செல்வரத்தினத்தின் மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் இருந்த இரண்டு சுற்றுலாக்காரர்கள் குரங்கைப் படம் எடுத்தார்கள்.

"அம்மா," என்றாள் கம்சிகா. குரலில் கோபமில்லை. கடையில் கண் மங்கிய கிழவர்களிடம் அடுத்த எழுத்தை வாசிக்கச் சொல்லும்போது அவள் இப்படித்தான் பேசுவாள் போலிருக்கிறது. "எனக்கு முப்பத்தைஞ்சு. நீங்கள்தானே பெத்தது."

வசந்தமலர் காலை மடக்கினார்.

கம்சிகா நடைவழிக்கு வந்தாள். அவள் படியடிக்குப் போவதற்குள் எதிர்ப்பக்கத்தில் இன்னொருவரும் எழுந்தார்.

"தம்பி, நீ எங்க போறாய்?" என்றார் தாய்.

"சூவுக்கு."

"என்ன விசரோ? நாங்கள் ஒண்டும் இன்னும் முடிவெடுக்கேல்லை!"

"நான் போன கிழமையே டிக்கெட் எடுத்திட்டன், அம்மா," என்றான் ரதீசன், அன்றைக்கு அவன் பேசிய மிக நீளமான வாக்கியமாக.

ஆக, இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்கு முன்பே வேண்டாம் என்று முடிவெடுத்து, அதற்கான டிக்கெட்டையும் வாங்கிக்கொண்டுதான் படகில் ஏறியிருக்கிறார்கள். வெள்ளைக்காரர் இருவரின் போனையும் பார்த்தார், நல்லபடி சுற்றிப் பார்த்து வாருங்கள் என்றார், கை கொடுத்து இறக்கிவிட்டார். படகு கரையை விட்டு விலகியது.

மூன்று பெரியவர்களும் காலியான இரண்டு இருக்கைகளும் மிஞ்சின. தபால் கந்தோரில் வாழ்நாளெல்லாம் எந்தக் கடிதம் எந்தப் பெட்டிக்கு என்று பிரித்துப் போட்ட செல்வரத்தினத்தால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"வசந்தமலர், எனக்கொண்டு விளங்கேல்லை. மாப்பிள்ளை பகுதி இறங்கினா இல்லை எண்டுதானே சொல்லுறவை. பொம்பிளை பகுதியும் சேந்து இறங்கினா? அப்ப இது ஓமோ, இல்லையோ?"

அவர் மனைவியும் வசந்தமலரைப் பார்த்தார். கோபமாகத்தான் பார்த்தார், ஆனாலும் தீர்ப்புக்காகத்தான் பார்த்தார். சட்டம் போட்டவர் இவரல்லவா?

வசந்தமலர் மகள் விட்டுப் போன ஜன்னலோர இருக்கைக்கு நகர்ந்தார். இருக்கை இன்னும் சூடாக இருந்தது. கண்ணாடியில் யாரோ விட்ட மூச்சு படர்ந்திருந்ததைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்துவிட்டு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, வெளியே பார்த்தார். தண்ணீர் பச்சையாக இருந்தது. இவ்வளவு பச்சை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கரையில் படிகள், படிகளுக்கு மேல் ஒரு இரும்புக் கதவு. ரதீசன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கம்சிகா உள்ளே போனாள். பின்னால் அவனும் போனான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் நடந்து போகக் கூடிய இடைவெளி இருந்தது. சேர்ந்து போகிறார்களா, அல்லது வழி ஒன்றுதான் என்பதால் போகிறார்களா என்று இங்கிருந்து பார்த்தால் தெரியவில்லை. மரங்கள் வந்தன. மரங்களுக்கு இடையில் ஒரு தடவை கம்சிகாவின் நீலச் சேலை தெரிந்தது, இன்னொரு தடவை தெரிந்தது.

"என்ன, சொல்லுங்கோவன்," என்றார் செல்வரத்தினத்தின் மனைவி.

வசந்தமலர் திரும்பவில்லை. நெற்றியைக் கண்ணாடியில் வைத்து மரங்களைப் பார்த்தபடியே, மடியில் இருந்த தகரப் பெட்டியின் மூடியைப் பெருவிரலால் நெம்பித் திறந்து, எதிர்ப்பக்கமாக நீட்டினார்.